கௌதமன் ஐந்தாகப் பிரித்த சாவி

வெள்ளிக்கிழமை காலை என் போனில் கௌதமனின் பெயர் வந்தது. முந்தைய நாள் மாலைதான் அவருக்கு ஒரு செய்திக் கட்டுரையை அனுப்பியிருந்தேன். உலகமே இலவசமாகப் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் வருடக்கணக்காக ஓர் ஓட்டை இருந்ததாம், ஒருவர் கண்ணிலும் படவில்லையாம். அதன் கீழே, "யார் வேணும்னாலும் திறந்து பாக்கலாம்னு சொல்வீங்களே, ஒருத்தர் கூடவா பாக்கலை?" என்று எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. பதில் தெரியாவிட்டால் இரவு யோசித்துவிட்டுக் காலையில் கூப்பிடுவது அவர் வழக்கம். அதனால் ஹலோ கூடச் சொல்லாமல், "என்ன சார், மாட்டிக்கிட்டீங்களா?" என்றேன்.

"அக்கா, நான் தேவிகா." அவருடைய மனைவி. "அவர் போயிட்டார்க்கா. எழுந்து தண்ணி குடிச்சார். நெஞ்சை அடைக்குதுன்னு உக்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

அடுப்பை அணைத்துவிட்டு, ஜோகுபாளையத்து வீட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் யாரோடு சண்டை போடுவது என்பதுதான் முதலில் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதினால்தான் கௌதமனுக்குப் பிடிக்கும்.

அவரை அறிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போது அந்த மெதுவான குரல் காதில் கேட்கும். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் மர்பி டவுனில் பிறந்தவர். தந்தையார் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கிளப்பில் சமையல்காரராக இருந்தார். பௌத்தக் குடும்பம். அரைக்கைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பையில் எப்போதும் ஒரு குடை. நெற்றியைச் சுருக்கினால் கோபம் என்று புதியவர்கள் பயப்படுவார்கள். சிரிப்பை அடக்குகிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

நானும் அவரும் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தோம். கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் மேலாளர். நெட்வொர்க்கையும் சர்வர்களையும் பார்த்துக்கொள்ள அவர் வந்து சேர்ந்தார். வந்த வாரமே சண்டை. மெயில் சர்வர் பழுதாகியிருந்தது. விண்டோஸ் போட்ட புது சர்வர் வாங்க நான் ஆர்டர் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இவர் மூலையில் கிடந்த பழைய பெட்டி ஒன்றில் லினக்ஸைப் போட்டு மெயிலை ஓட விட்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம் வராதா?

"இது யாரோட சாஃப்ட்வேர்?" என்றேன்.

"எல்லாரோடதும் மேடம். எப்படி எழுதியிருக்குன்னு யாரும் படிச்சுப் பாக்கலாம். திருத்தலாம். அடுத்தவங்களுக்கும் கொடுக்கலாம்."

"எல்லாரோடதும்னா யாரோடதும் இல்லைன்னு அர்த்தம். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பொறுப்பு? காசு கொடுத்து வாங்கினா ஒரு கம்பெனி இருக்கும், ஒரு கையெழுத்து இருக்கும். சட்டையைப் பிடிச்சுக் கேக்கலாம்."

"இதுவரைக்கும் எத்தனை பேர் சட்டையைப் பிடிச்சிருக்கீங்க மேடம்?"

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்துத் தொலைத்தார்கள். நான் அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் விழிக்கவில்லை. மெயில் என்னவோ நன்றாகத்தான் ஓடியது.

என் அப்பா மாநில அரசு ஊழியர். எதற்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு முத்திரை என்று நம்புகிற வீட்டில் வளர்ந்தவள் நான். ஒரே ஆள் எழுதி, ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும் மென்பொருளை நம்பி ஊரே உட்கார்ந்திருக்கும், அந்த ஆள் போய்விட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்வியைக் கடைசி வரை நான் விடவில்லை. அவரும் ஒரு நாளும் மழுப்பியதில்லை. "தெரியலை மேடம். அதுதான் பெரிய பிரச்சினை" என்பார்.

மதியச் சாப்பாட்டு நேரம் எங்களுக்குப் பட்டிமன்ற நேரம். அதற்கு அவரே ஒரு சட்டம் போட்டார். யார் முதலில் குரலை உயர்த்துகிறாரோ அவர் தோற்றவர், தோற்றவர் இரண்டு டிபன் பாக்ஸையும் கழுவ வேண்டும். இப்படிப்பட்ட ஓரவஞ்சனையான சட்டம் உலகத்தில் உண்டா? அவருக்குக் குரலே எழும்பாது. நான் 'சாம்பாரில் உப்பு குறைவு' என்றாலே மூன்றாம் மாடிக்குக் கேட்கும். தேவிகா வைத்த கருவாட்டுக் குழம்பின் எண்ணெய்ப் பிசுக்கை எத்தனை வருடம் நான் தேய்த்திருக்கிறேன் என்று அந்தக் குழாயடிக்குத்தான் தெரியும்.

"உள்ள இருக்கறதை எல்லாம் திறந்து போட்டா திருடனும்தானே பாப்பான்?" என்று கேட்பேன்.

"பாக்கட்டும் மேடம். பூட்டு எப்படிச் செய்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்காக எல்லா வீட்டுலயும் திருட்டு போகுதா? சாவி உங்ககிட்ட இருந்தா போதும்."

"சரி, எல்லாரும் பாக்கலாம்ங்கறீங்க. யார் பாக்கறாங்க? எங்க அப்பார்ட்மெண்ட் தண்ணித் தொட்டி மாதிரிதான். முப்பது வீட்டுக்காரங்களும் இன்னொருத்தர் எட்டிப் பாத்திருப்பார்னு நினைச்சுக்கிட்டோம். போன மாசம் மூடியைத் திறந்தா உள்ள செத்த பெருச்சாளி!"

கௌதமன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். நெற்றி சுருங்கியது. பிறகு சத்தமில்லாமல் எழுந்து, என் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். நான் கத்தித்தான் பேசியிருந்தேன், சட்டப்படி தோற்றது நான்தான். ஆனால் எதிராளி சொன்னது சரி என்று பட்டால் சட்டம் கிட்டம் எதுவும் பார்க்க மாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த குணம்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் அவர் பண்ணிய அலப்பறை கொஞ்சநஞ்சமல்ல. யாராவது பாஸ்வேர்டை எழுதி கீபோர்டுக்குக் கீழே ஒட்டி வைத்திருந்தால், அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு அவர்களிடமே போவார். "இது உங்க வீட்டுச் சாவி போல இருக்கு, கீழே கிடந்தது" என்று பவ்யமாகக் கையில் கொடுப்பார். அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒருவர் வந்த மெயிலை யோசிக்காமல் திறந்ததில் வைரஸ் புகுந்து, பொது ஃபோல்டர் முழுக்கப் பூட்டிக்கொண்ட நாளும் உண்டு. அன்று எங்களைக் காப்பாற்றியது நான் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருந்த பேக்கப். கௌதமன் முதலாளி முன்னால் எழுந்து நின்று, "இன்னைக்குக் கம்பெனி ஓடுதுன்னா வசந்தா மேடத்தாலதான். நான் அது வேஸ்டுன்னு சொன்னேன், தப்பு" என்றார். இப்படி எத்தனை ஆண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்?

பிறகு எலக்ட்ரானிக் சிட்டியில் வேறு வேலை கிடைத்து அவர் ஹெப்பகோடிக்குக் குடிபோனார். சண்டை போனுக்கு மாறியது. அந்தச் சமயத்தில்தான் தேவிகாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், அங்கே ஓர் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையத்தில் ரத்தச் சுத்திகரிப்பு. யாருக்கு எந்த நேரம், எந்த இயந்திரம் என்று சுவரில் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதுவார்கள். கல்லீரலைத் தாக்கும் கிருமி ரத்தத்தில் உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம். அதில் மற்றவர்களைப் படுக்க வைத்தால் அவர்களுக்கும் தொற்றிக்கொள்ளலாம்.

ஒரு நாள் யாரோ பலகை மேல் சாய்ந்ததில் எழுத்து அழிந்துவிட்டது. அவசரத்தில் திரும்ப எழுதியபோது தேவிகாவின் பெயர் அந்தத் தனி இயந்திரத்துக்கு நேராக விழுந்தது. ஊசி போடப் போகும் நேரத்தில் டெக்னீஷியன் நாகரத்னாவுக்குச் சந்தேகம் வந்து நிறுத்தினார். நானாக இருந்தால் அந்த மையத்தையே இரண்டாக்கியிருப்பேன். கௌதமன் பலகை முன்னால் போய் நின்று, "இதுக்கு பேக்கப் இருக்கா?" என்று மட்டும் கேட்டாராம். நாகரத்னா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அதன் பிறகு பல மாதம் உட்கார்ந்து எழுதியதுதான் 'சரதி'. கன்னடத்தில் சரதி என்றால் முறை, வரிசை. யாருக்கு எப்போது எந்த இயந்திரம் என்பதை அது பார்த்துக்கொள்ளும். கிருமி உள்ளவர் பெயரைத் தவறான இடத்தில் போட்டால் ஒத்துக்கொள்ளாது, மீறி ஏற்றவும் நம்மால் முடியாது. "ஏன் கன்னடப் பேர்? தமிழ்ல பேரே கிடைக்கலையா?" என்று அதற்கும் ஒரு சண்டை பிடித்தேன். "யாரோட முறைன்னு கேக்க நாகரத்னா நாள் முழுக்க 'யாரது சரதி, யாரது சரதி'ன்னுதான் கூப்பிடறாங்க. அவங்க வாயில வர்ற வார்த்தைதானே சரியா இருக்கும்?" என்றார்.

அதை யாரும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாக இணையத்தில் போட்டுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வீட்டில் இத்தனை மருத்துவச் செலவு, இந்த மனுஷன் தானதர்மம் பண்ணுகிறாரே!

"விக்கலாம் மேடம். வாங்க வசதி இருக்கிற சென்டர்ல மட்டும் சரியான மிஷின்ல படுப்பாங்க. மத்த இடத்துல பலகைதான்."

"சரி சாமி, சும்மாவே கொடுங்க. யார் யார் எடுத்துப் போட்டிருக்காங்கன்னாவது தெரியுமா? நாளைக்கு இதுல ஒரு தப்பு இருக்குன்னா யாருக்குச் சொல்வீங்க?"

"தெரியாது. புதுப் பதிப்பு போட்டா அவங்க கம்ப்யூட்டர் தானா ஏத்தலாமான்னு கேக்கும். அது ஒண்ணுதான் வழி."

ஓசூர், கோலார் என்று எங்கெங்கிருந்தோ அவருக்குப் போன் வர ஆரம்பித்தது. சரதியின் பக்கத்தில் பராமரிப்பவர் என்ற இடத்தில் அவர் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கும். வேலைக்குப் போய், தேவிகாவைக் கவனித்து, இதையும் பார்த்து அவர் இளைத்துப் போனார். அப்போது இணையத்தில் ஒருவர் உதவிக்கு வந்தார். நாடு தெரியாது, முகம் தெரியாது. சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தார், பணிவாக எழுதினார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. பிறகு, உங்களுக்கு நேரமில்லை, புதுப் பதிப்பு வெளியிடும் உரிமையை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டார். மூன்று முறை கேட்டார்.

"கொடுத்துடலாம்னு பாக்கறேன்" என்று கௌதமன் சொன்னபோது அவர் குரலில் அப்படி ஓர் அலுப்பு.

"முகம் தெரியாத ஆளுக்கா? அந்த ஆள் நாளைக்கு உள்ளே எதையாவது சொருகி விட்டா, உங்க தேவிகா படுக்கற மிஷினும் அதுலதான் இருக்கு!"

மறுநாள் கௌதமன் அந்த நபரை ஒரு வீடியோ அழைப்புக்கு வரச் சொல்லி எழுதினார். அந்த நபர் வரவில்லை. அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு வரி கூட இல்லை. திருடரா, கூச்ச சுபாவக்காரரா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. கௌதமன் மட்டும், "பாவம், மனசு புண்பட்டிருக்குமோ" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் சாவியை ஐந்தாகப் பிரித்தார். சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை, நீளமான ஒரு ரகசிய எண். சரதியின் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் அதைக் கொண்டு ஒரு முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாததை எந்த மையத்தின் கம்ப்யூட்டரும் ஏற்காது. அன்றாடம் முத்திரை குத்த அவரிடம் ஒரு சாவி இருந்தது. அவர் இல்லாத காலத்துக்கென்று ஒரு தாய்ச்சாவி உண்டாக்கி, அதை ஐந்து பங்காக்கினார். எந்த மூன்று பங்கு சேர்ந்தாலும் திறக்கும். இரண்டு பங்கை வைத்துக்கொண்டு தலைகீழாக நின்றாலும் திறக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹெப்பகோடி வீட்டுக்கு எங்களை வரவழைத்தார். நான், நாகரத்னா, சிவாஜி நகரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் இம்தியாஸ், மைசூரிலிருந்து வந்த, ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர், ஜெர்மனியில் வேலை பார்க்கும் கௌதமனின் அண்ணன் மகன். அவன் அப்போது விடுமுறைக்கு வந்திருந்தான். பிரியாணி வாசனை கூடத்தை நிறைத்தது, ஆனால் இலை போடவில்லை. முதலில் எல்லோரும் அடையாள அட்டையைக் காட்ட வேண்டுமாம்!

"யோவ், என்னைத் தெரியாதா உங்களுக்கு? எத்தனை வருஷம் உங்க கருவாட்டுப் பாத்திரம் தேய்ச்சிருக்கேன்!" என்று கத்தினேன். பேராசிரியர் திடுக்கிட்டுப் போனார்.

"தெரியும் மேடம். தெரிஞ்சவங்கன்னு விட்டா, தெரிஞ்சவங்க மாதிரி வர்றவங்களையும் விடணும். கார்டைக் காட்டுங்க."

தேவிகா உள்ளேயிருந்து தன் ரேஷன் கார்டை எடுத்து வந்து நீட்டினார். "நான்தான் உங்க பொண்டாட்டியான்னு செக் பண்ணிக்குங்க. அப்புறம்தான் பிரியாணி எடுப்பேன்." நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் ஆளுக்கொரு பென் டிரைவ் கொடுத்தார். நானும் இம்தியாஸும் எலியும் பூனையும் மாதிரி. காசு கொடுத்து மென்பொருள் வாங்குபவர்கள் அடிமைகள் என்பது அவர் கட்சி. நாகரத்னாவுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது. ஏன் இப்படிப் பார்த்துப் பொறுக்கினீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க அஞ்சு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போக மாட்டீங்க. மூணு பேர் சேர்ந்து ஒரு காரியம் பண்றீங்கன்னா அது தேவையான காரியமாத்தான் இருக்கும்."

"தேவிகாவுக்கு ஏன் கொடுக்கலை?"

"அவ உயிர் அந்த மிஷின்ல இருக்கு மேடம். அவளை மிரட்டினா கொடுத்துடுவா. கொடுக்கணும், அதுதான் சரி. அதனால அவகிட்ட இருக்கக் கூடாது."

இம்தியாஸ் தன் பங்கை பேங்க் லாக்கரில் வைக்கப்போவதாகச் சொன்னார். "லீவு நாள்ல வேண்டியிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார் கௌதமன். "அரே, நீங்க லீவு பாத்தா போகப் போறீங்க?" என்று இம்தியாஸ் சொன்னதும் எல்லோரும் மறுபடி சிரித்தோம். தேவிகாவும் சிரித்தார்.

அவர் லீவு பார்த்துத்தான் போனார். சனிக்கிழமை காலை மர்பி டவுனில் அண்ணன் வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். புத்தரைச் சரணடையும் திரிசரணம் சொல்லி முடித்து, கல்பள்ளி மின்மயானத்துக்கு எடுத்துப் போனார்கள். திரும்பி வந்ததும் தேவிகா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "அக்கா, ஒரு ஆட்டோ கூப்பிடுங்க. ரெண்டு மணிக்கு எனக்கு சரதி" என்றார். உறவுக்காரப் பெண்கள் சிலர் முணுமுணுத்தார்கள். புருஷனை இப்போதுதானே அனுப்பினோம், இன்று ஒரு நாள் போகாவிட்டால் என்ன என்றார்கள்.

"நான் ஒரு டர்ன் விட்டா அவருக்குப் பிடிக்காது" என்றார் தேவிகா. அவ்வளவுதான். நான் கூடப் போனேன். நாகரத்னா வாசலிலேயே நின்றிருந்தார். தேவிகாவைக் கட்டிக்கொண்டார்.

கௌதமனின் கைபேசி தேவிகாவின் பையில் இருந்தது. காலையிலிருந்து அது அடித்துக்கொண்டே இருந்தது. மர்பி டவுன் வீட்டிலேயே இம்தியாஸ் அதை அணைக்கப் போனபோது தேவிகா விடவில்லை. மையத்துக்கு ஆட்டோவில் வரும்போதே ஓசூரிலிருந்து ஓர் அழைப்பு வந்திருந்தது. "அவர் இல்லைங்க. இன்னைக்குக் காலைலதான் தகனம் ஆச்சு" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "பரவாயில்லைங்க, என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க, தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். நான் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இம்தியாஸ் என்னைக் கூப்பிட்டார். சரதியைப் பற்றிய புகார்களின் நகல் அவருக்கும் வரும். கோலாரில் ஓர் ஆஸ்பத்திரிப் பொறியாளர் வெள்ளிக்கிழமையே எழுதியிருந்த புகார் ஒன்றைப் படித்துக் காட்டினார். ஒரு நோயாளி ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, அவருக்குக் கிருமி உண்டு என்ற குறி சில சமயம் விட்டுப் போகிறது. அப்படி விட்டுப் போனால் சரதி அவரைச் சாதாரண இயந்திரத்தில் போட்டுவிடும். எதைத் தடுக்க கௌதமன் அதை எழுதினாரோ அதையே அது செய்யும்.

திருத்தத்தையும் அந்தப் பொறியாளரே எழுதி அனுப்பியிருந்தார். முத்திரைதான் இல்லை. அன்றாடச் சாவி கௌதமனின் மனதிலிருந்த பாஸ்வேர்டோடு போய்விட்டது. பேராசிரியர் வடக்கே யாத்திரையில், அண்ணன் மகன் ஜெர்மனியில். பங்கை இணையத்தில் அனுப்பக் கூடாது என்பது விதி. மிச்சம் நாங்கள் மூவர். அதில் ஒரு பங்கு லாக்கரில், திங்கட்கிழமையும் அரசு விடுமுறை.

"நான் ஒரு கழுதை மேடம்" என்றார் இம்தியாஸ். ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் அவரும் அண்ணன் மகனும் திருத்தத்தை வரிவரியாகப் படித்துச் சோதித்தார்கள். நானும் நாகரத்னாவும் தெரிந்த மையங்களுக்கெல்லாம் போன் போட்டு, புதிதாக வந்தவர்களை மட்டும் கையால் சரிபாருங்கள் என்று சொன்னோம். தெரியாத மையங்களை நினைத்துத்தான் பயம். யாரோ ஒருவர், எங்கோ ஓர் ஊரில், வரக்கூடாத ஒரு நோயோடு வீட்டுக்குப் போகலாம். கௌதமனிடம் நான் எதையெல்லாம் சொல்லிச் சண்டை போட்டேனோ அது என் தலை மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை பேங்க் திறந்ததும் இம்தியாஸ் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் நேராக ஹெப்பகோடி மையத்துக்கு வந்தார். நாகரத்னா வேலையை விட்டு நகர முடியாது, அதனால் அங்கேயே கூடினோம். கூடத்தின் கோடியில், தேவிகா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. பங்குகளைச் சேர்க்க, இணையத்தில் இணையாத ஒரு லேப்டாப் வேண்டும். நான் ஒன்று கொண்டுவந்திருந்தேன். இம்தியாஸும் ஒன்று கொண்டுவந்திருந்தார்.

"என்னா மேடம் இது? விண்டோஸ்லயா அவரோட சாவியைத் திறக்கறது? அவர் ஆத்மா சும்மா இருக்குமா?"

"என் லேப்டாப்புக்கு என்ன குறைச்சல்? உங்க கடைப் பெட்டியில என்னென்ன பூச்சி ஊருதோ, யார் கண்டா!"

"சும்மனிரி, இப்பரூ!" என்று கன்னடத்தில் எங்கள் இருவரையும் வாயை மூடச் சொல்லி ஒரே அதட்டாக அதட்டினார் நாகரத்னா.

"மத்தவங்க தூங்கறாங்க அக்கா. மெதுவா சண்டை போடுங்க" என்றார் தேவிகா கட்டிலிலிருந்து.

கடைசியில் ஓர் உடன்பாடு. இம்தியாஸின் லேப்டாப், ஆனால் திரையில் வரும் ஒவ்வொரு வரியையும் நான் படித்துச் சரி என்று சொன்ன பிறகே அவர் எண்டரை அழுத்த வேண்டும். நாகரத்னா இடுப்புச் சாவிக் கொத்திலிருந்து தன் பென் டிரைவைக் கழற்றிக் கொடுத்தார். நான் என்னுடையதைக் கொடுத்தேன். இம்தியாஸ் மூன்றாவதைச் செருகினார். சாவி திறந்தது. எதிரெதிரே உட்கார்ந்து அழுதோம், அந்த மனுஷனும் நானும்.

முத்திரை குத்துவதற்கு முன் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. பராமரிப்பவர் என்ற இடத்தில் கௌதமனின் பெயர் அப்படியே இருந்தது.

"இதை எடுக்கணும்" என்றேன்.

இம்தியாஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு வாரம் கூட ஆகலை மேடம். அதுக்குள்ள பேரை எடுக்கறீங்களா? இது அவரு பெத்த பிள்ளை."

"எழுதினவர் பேர்ல அவர் எப்பவும் இருப்பார். அதை யாரும் தொட மாட்டாங்க. பார்த்துக்கறவர் பேர்ல உயிரோட இருக்கிற ஆள்தான் இருக்கணும். ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிடறவங்க ஒவ்வொருத்தருக்கும் இந்தப் பொண்ணு 'அவர் செத்துட்டார், செத்துட்டார்'னு சொல்லிட்டே இருக்கணுமா?"

சொன்ன பிறகுதான் தேவிகா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"என் பேரைப் போடுங்க" என்றார் தேவிகா.

மூவரும் திரும்பிப் பார்த்தோம். "உனக்கு கம்ப்யூட்டர் விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியாது அக்கா. கேட்டு உங்களுக்கும் இம்தியாஸ் அண்ணனுக்கும் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு ஒரு பதில் சொல்லுங்க, நான் அவங்ககிட்ட சொல்றேன். தப்பான மிஷின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? வாரத்துல மூணு நாள் இங்க சும்மாதானே படுத்திருக்கேன். ட்யூப் எல்லாம் இந்தக் கையிலதான்." குழாய்கள் செருகியிருந்த இடது கையைக் கண்ணால் காட்டிவிட்டு, வலது கையைத் தூக்கி ஆட்டினார். "இந்தக் கை வெட்டியாத்தான் இருக்கு."

அவரிடம் சாவி இல்லை, கௌதமன் சொன்னபடி இனியும் இருக்காது. பெயர் இருப்பதில் என்ன தடை? இம்தியாஸ் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார், நானே அந்த எழுத்துகளை அழித்தேன். தேவிகாவின் பெயரைத் தட்டினேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அவரிடமே காட்டிச் சரிபார்த்தேன். "சரி" என்றேன். இம்தியாஸ் எண்டரை அழுத்தினார், முத்திரை விழுந்த பதிப்பை மையத்தின் கம்ப்யூட்டர் வழியாக இணையத்தில் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் கூடத்தின் மறுகோடியிலிருந்து நாகரத்னா, சரதியில் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றலாமா என்று கேட்கிறது என்றார். "ஏத்துங்க!" என்று நானும் இம்தியாஸும் ஒன்றாகச் சொன்னோம். நாங்கள் இருவரும் ஒரே பதிலைச் சொன்னது அதுவே முதல் தடவை. பிறகு கோலாரிலிருந்து செய்தி வந்தது, ஏறிவிட்டது என்று. பிறகு நாங்கள் கேள்வியே பட்டிராத ஓர் ஊரிலிருந்து வந்தது. தங்களிடம் அப்படி ஒருவர் குறி இல்லாமல் இருந்தார், நாளைக் காலை அவருடைய முறை, இப்போது சரதி பிடித்துவிட்டது என்று அந்த மையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். நாகரத்னா அதைப் படித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த நோயாளியின் ஊசியைக் கழற்றப் போனார்.

கௌதமன், உங்களுக்கு அனுப்பிய அந்தக் கட்டுரைக்கு நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்களோ, எனக்குத் தெரியாது. இனி தெரியப்போவதும் இல்லை. அது எனக்கு ஆறவே ஆறாது. போய் வாருங்கள். இப்போது உங்கள் கைபேசி அடிக்கிறது. தேவிகா அதை வலது கையால் எடுத்து, "ஹலோ, சரதி. ஹேளி, சொல்லுங்க" என்கிறார். எதிர்ப்பக்கத்துக்காரர் ஏதோ நீளமாகச் சொல்கிறார், தேவிகா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில்தான், சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.